டெம்ப்ளேட்டில் இணைய முகவரியைப் போடும் முன்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பயனர் தன் சுயவிவரப் பக்கத்தில் "என் இணையதளம்" என்ற கட்டத்தை நிரப்புகிறார். நீங்கள் அதை டேட்டாபேஸில் வாங்கிவைத்து, டெம்ப்ளேட்டில் ஏ டேக்கின் எச்ரெஃப்புக்குள் விடுகிறீர்கள். ஃபிரேம்வொர்க் தானாகவே எஸ்கேப் செய்துவிடுகிறது (சிறப்புக் குறிகளை வெறும் உரையாக மாற்றிவிடுகிறது), வேலை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. அந்தக் கட்டத்தில் யாராவது "ஜாவாஸ்கிரிப்ட்:" என்று தொடங்கும் ஒரு வரியைப் போட்டுவைத்தால், அதைக் கிளிக் செய்கிறவரின் லாகினில், அவருடைய உரிமைகளோடு அந்த வரி ஓடும். கிளிக் செய்தவர் அட்மினாக இருந்தால், அட்மின் செய்யக்கூடிய எல்லாவற்றையும் அந்த வரியும் செய்யும்.

இந்த ஓட்டையை அடைப்பது கடினமல்ல. ஆனால் பலர் பாதி அடைத்துவிட்டு முழுதும் அடைத்ததாக நினைத்துவிடுகிறார்கள். எந்த வரிசையில் செய்தால் மறுபடி திரும்பிவர வேண்டியிருக்காதோ, அந்த வரிசையில் கீழே இருக்கிறது. டேக், ஃபங்ஷன், ஸ்கீம் (முகவரியில் முதல் முக்காற்புள்ளிக்கு முன் வரும் பகுதி) பெயர்கள் உச்சரிப்பின்படி எழுதப்பட்டுள்ளன. கோடில் அவற்றை வழக்கமான எழுத்துகளில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் மூன்று பட்டியல்கள்

கோடைத் திறப்பதற்கு முன் மூன்று பட்டியல்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இவை இல்லாமல் தொடங்கினால் ஒரு பக்கத்தைச் சரிசெய்து, இன்னொன்றை மறந்து, அடுத்த மாதம் மறுபடி இங்கேயே வந்து நிற்பீர்கள்.

முதல் பட்டியல், முகவரி எங்கிருந்தெல்லாம் உள்ளே வருகிறது என்பது. படிவம், ஏபிஐ, எக்செல் இறக்குமதி, கூட்டாளி நிறுவனம் அனுப்பும் ஜேசன் கோப்பு, முகவரிப் பட்டையில் கேள்விக்குறிக்குப் பின் வரும் மதிப்பு எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது, டெம்ப்ளேட்டில் முகவரி எங்கெல்லாம் வெளியே வருகிறது என்பது. மூன்றாவது, ஒவ்வொரு இடத்திலும் எந்த ஸ்கீம்களை அனுமதிப்பீர்கள் என்பது. "இணையதளம்" கட்டத்துக்கு எச்டிடிபிஎஸ், எச்டிடிபி இரண்டும் போதும். தொடர்புப் பக்கத்துக்கு மெயில்டு (மின்னஞ்சல்), டெல் (தொலைபேசி) ஆகியவையும் வேண்டியிருக்கலாம். இந்த மூன்றாவது பட்டியலைத் தயாரிப்புப் பொறுப்பாளரோடோ வாடிக்கையாளரோடோ பேசி எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். "எல்லா முகவரியும் வேலை செய்யணும்" என்று பிறகு கேட்கப்படும்போது அதுதான் கைகொடுக்கும்.

செலவு என்று பார்த்தால் பணம் எதுவும் இல்லை. தேவையான கருவிகள் பிரவுசரிலும் மொழியிலும் ஏற்கெனவே இருக்கின்றன. நேரம்தான் செலவு. ஐம்பது டெம்ப்ளேட் உள்ள நடுத்தரத் திட்டம் ஒன்றில், பட்டியல் எடுக்க அரை நாள், சோதனை ஃபங்ஷனும் அதன் டெஸ்ட்களும் எழுத அரை நாள், பழைய தரவைச் சுத்தம் செய்ய ஒரு நாள் என்று ஒதுக்குங்கள். கடைசியில் வரும் சிஎஸ்பிக்கு (எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று சர்வர் பிரவுசருக்குச் சொல்லும் விதிகள்) இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த நாள்களில் தினமும் பத்து நிமிட வேலைதான்.

2. முகவரி வெளியே வரும் எல்லா இடங்களையும் தேடுங்கள்

எச்ரெஃப் மட்டும் என்று நினைத்துத் தேடினால் பாதி விட்டுப்போகும். எஸ்ஆர்சி, படிவத்தின் ஆக்‌ஷன், பட்டனில் வரும் ஃபார்ம்ஆக்‌ஷன், ஆப்ஜெக்ட் டேக்கின் டேட்டா, எஸ்விஜிக்குள் இருக்கும் ஏ டேக், எஸ்ஆர்சிசெட், வீடியோவின் போஸ்டர், மெட்டா ரிஃப்ரெஷ், ஸ்டைலுக்குள் வரும் யூஆர்எல் அடைப்பு, பேஸ் டேக் என்று இடங்கள் நிறைய. இவற்றோடு ஜாவாஸ்கிரிப்டில் லொகேஷனுக்கு மதிப்புக் கொடுக்கும் வரிகளையும், விண்டோ ஓப்பனைக் கூப்பிடும் வரிகளையும் தேடுங்கள். டெம்ப்ளேட் பக்கம் எவ்வளவு கவனமாக இருந்தாலும், இந்த வரிகளை எந்த டெம்ப்ளேட் இயந்திரமும் பார்ப்பதில்லை.

ஒவ்வொன்றையும் எழுதும்போது, அங்கே வரும் மதிப்பு நீங்களே எழுதியதா வெளியிலிருந்து வந்ததா என்று பக்கத்தில் குறியுங்கள். நீங்களே எழுதிய "/தொடர்பு" போன்றவற்றைத் தொட வேண்டாம்.

தேடும்போது "ஜாவாஸ்கிரிப்ட்:வாய்ட்(0)" என்று எழுதிய இணைப்புகளும் அகப்படும். அவற்றை இப்போதே பட்டன் டேக்காக மாற்றுங்கள். எங்கும் போகாமல் ஒரு வேலையை மட்டும் செய்வது இணைப்பு அல்ல, பட்டன். இதை விட்டுவைத்தால் 11-ஆம் படியில் உங்கள் சொந்தக் கோடே குற்றவாளியாக வந்து நிற்கும்.

3. எஸ்கேப் எதைத் தடுக்கும், எதை விடும்

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாப் படிகளுக்கும் காரணம் தானாக விளங்கும்.

ஜாங்கோவின் தானியங்கி எஸ்கேப் ஐந்து குறிகளைத்தான் மாற்றுகிறது: < > & ' ". மற்ற இயந்திரங்களும் ஏறத்தாழ இப்படித்தான். உள்ளே வரும் உரை, மேற்கோள் குறியை உடைத்துக்கொண்டு வெளியேறிப் புது டேக் ஆகிவிடக் கூடாது என்பதுதான் அதன் ஒரே நோக்கம். இப்போது "ஜாவாஸ்கிரிப்ட்:அலர்ட்(1)" என்ற வரியைப் பாருங்கள். எழுத்துகள், ஒரு முக்காற்புள்ளி, ஓர் அடைப்புக்குறி ஜோடி, ஓர் எண். அந்த ஐந்து குறிகளில் ஒன்றுகூட இல்லை. எஸ்கேப் அதை ஒரு புள்ளிகூட மாற்றாமல் அப்படியே விட்டுவிடும். எஸ்கேப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. முகவரி எங்கே போகிறது என்று பார்ப்பது அதன் வேலையே அல்ல.

அடுத்து பலரும் செய்வது, "ஜாவாஸ்கிரிப்ட்:" என்று தொடங்கினால் தடு என்று ஒரு நிபந்தனை எழுதுவது. அது நிற்காது. பிரவுசர் முகவரியைப் படிக்கும் முன் என்னென்ன செய்கிறது என்று பாருங்கள். எச்டிஎம்எல் பண்பில் இருக்கும் குறியீடுகளை முதலில் பிரித்துவிடுகிறது; ஆகவே "&#9;" என்று எழுதியது டேப் குறியாகிவிடும். பிறகு, பிரவுசர்கள் பின்பற்றும் வாட்டபிள்யூஜி யூஆர்எல் தரத்தின்படி, முன்னாலும் பின்னாலும் இருக்கும் வெற்றிடங்களையும் கட்டுப்பாட்டுக் குறிகளையும் வெட்டுகிறது. நடுவில் எங்கே டேப்போ வரிமுறிவோ இருந்தாலும் அதையும் எடுத்துவிடுகிறது. ஸ்கீமைச் சிறிய எழுத்துகளாக்குகிறது. ஆக, பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்து, நடுவே ஒரு டேப் நுழைத்து, முன்னால் ஒரு வெற்றிடம் வைத்து எழுதியது உங்கள் நிபந்தனையைத் தாண்டிப் போய், பிரவுசரில் சுத்தமான "ஜாவாஸ்கிரிப்ட்:" ஆக நிற்கும். தடைப் பட்டியல் எழுதாதீர்கள். அனுமதிப் பட்டியல் மட்டுமே எழுதுங்கள்.

இன்னொரு பொறி, மேற்கோள் குறி இல்லாமல் எழுதிய பண்பு. எச்ரெஃப்= என்று போட்டு, மேற்கோள் வைக்காமல் நேரே மாறியை வைத்தால், மதிப்பில் ஒரு வெற்றிடம் வந்தாலே பண்பு முடிந்துவிடும்; அதற்குப் பின் வருவது ஆன்மவுஸ்ஓவர் போன்ற புதுப் பண்பாகிவிடும். எஸ்கேப் வெற்றிடத்தைத் தொடாது. எல்லாப் பண்புகளுக்கும் மேற்கோள் குறி போடுவதை இன்றே வழக்கமாக்குங்கள்.

4. உங்கள் ஃபிரேம்வொர்க் எவ்வளவு பார்த்துக்கொள்கிறது?

ரியாக்ட்: 2019-இல் வந்த 16.9 பதிப்பு முதல் "ஜாவாஸ்கிரிப்ட்:" முகவரியைக் கண்டால் டெவலப்மென்ட்டில் எச்சரித்தது, தடுக்கவில்லை. 2024 டிசம்பரில் வந்த 19-ஆம் பதிப்புதான் தடுக்கிறது. 18-இலோ அதற்கு முந்தியதிலோ இருந்தால் பாதுகாப்பு முழுவதும் உங்கள் பொறுப்பு.

வியூ: எச்ரெஃப்பில் கட்டும் முகவரியைச் சோதிப்பதே இல்லை. டேட்டாபேஸில் சேமிக்கும் முன் பின்தளத்தில் சுத்தம் செய்யுங்கள் என்று அதன் ஆவணமே சொல்கிறது.

ஆங்குலர்: தானாகச் சோதிக்கும், சந்தேகத்துக்குரிய முகவரிக்கு முன்னால் "அன்சேஃப்:" என்று ஒட்டிவிடும். ஐஃபிரேமின் எஸ்ஆர்சிக்கு இன்னும் கடுமை. நம்பத்தகுந்தது என்று குறிக்காத மதிப்பைக் கொடுத்தால் பிழை எறியும். இங்கே வரும் பொறி, அந்தப் பிழையைப் பார்த்ததும் "பைபாஸ்செக்யூரிட்டி" என்று தொடங்கும் ஃபங்ஷன்களில் ஒன்றைப் போட்டு வாயை அடைப்பது. கோடில் அந்தச் சொல்லைத் தேடிப்பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் அருகில், இந்த மதிப்பு ஏன் நம்பத்தகுந்தது என்று ஒரு வரிக் குறிப்பு இல்லையென்றால் அதைச் சந்தேகியுங்கள்.

கோ மொழியின் எச்டிஎம்எல் டெம்ப்ளேட் தொகுப்பு, மதிப்பு எந்த இடத்தில் வருகிறது என்று புரிந்துகொண்டு எஸ்கேப் செய்யும். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், மெயில்டு மூன்றைத்தான் விடும். மற்ற ஸ்கீம் வந்தால், # குறிக்குப் பின் இசட் எழுத்தில் தொடங்கி இசட்டிலேயே முடியும் புரியாத ஒரு சொல்லை அங்கே வைத்துவிடும். டெல் ஸ்கீமும் இதில் மாட்டும். தொலைபேசி இணைப்பு வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள். எண்ணில் இலக்கமும் கூட்டல் குறியும் மட்டும் இருப்பதை உறுதிசெய்த பிறகே, அந்தத் தொகுப்பின் யூஆர்எல் வகையாக மாற்றிக் கொடுக்க வேண்டும்.

ஜாங்கோ, ஜின்ஜா: ஐந்து குறி எஸ்கேப் மட்டும்தான், ஸ்கீம் சோதனை கிடையாது. ஜின்ஜாவைத் தனியாகப் பயன்படுத்தினால் அந்த எஸ்கேப்பும் இயல்பாக இயங்காது, நீங்கள்தான் இயக்க வேண்டும். ஃபிளாஸ்க் வழியாக வரும் எச்டிஎம்எல் கோப்புகளுக்கு அது இயக்கப்பட்டே வரும். ஜாங்கோவில் யூஆர்எல்ஃபீல்ட் வைத்திருக்கிறோமே என்று நிம்மதி அடைபவர்களுக்கு ஒரு சொல்: அது ஸ்கீமைச் சோதிப்பது உண்மைதான், ஆனால் படிவம் வழியாக வரும்போதுதான். மாடலின் சேவ் தானாக எந்தச் சோதனையையும் ஓட்டாது. எக்செல்லிலிருந்து இறக்குமதி செய்யும் உங்கள் ஸ்கிரிப்ட் அந்த சேவ் ஃபங்ஷனை நேரடியாகக் கூப்பிட்டால் எதுவும் உள்ளே போகும்.

5. ஒரே ஒரு சோதனை ஃபங்ஷன்

பத்து இடத்தில் பத்து விதமாகச் சோதிக்காதீர்கள். ஒரே ஃபங்ஷன், ஒரே கோப்பு. பெயரையும் "பாதுகாப்பான வெளி முகவரி" என்பதுபோல வெளிப்படையாக வையுங்கள். ரெகுலர் எக்ஸ்பிரஷனால் முகவரியைப் பிரிக்க முயலாமல், மொழியில் உள்ள பாகுபடுத்தியையே (பார்சர்) பயன்படுத்துங்கள். ஜாவாஸ்கிரிப்டில் அது யூஆர்எல் கன்ஸ்ட்ரக்டர். தவறான முகவரி என்றால் அது பிழை எறியும். அதைப் பிடித்துக்கொள்ள மறக்காதீர்கள்.

"என் இணையதளம்" போன்ற கட்டத்துக்கு இந்த வரிசை நன்றாக வேலை செய்யும்:

- முன்பின் வெற்றிடத்தை வெட்டுங்கள். காலியாக இருந்தால் காலி என்றே திருப்பியனுப்புங்கள்.
- எச்டிடிபி:// அல்லது எச்டிடிபிஎஸ்:// என்று தொடங்கவில்லையென்றால் முன்னால் எச்டிடிபிஎஸ்:// ஒட்டுங்கள். தொடக்கத்தைப் பார்க்கும்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்க வேண்டாம்.
- பாகுபடுத்திக்குக் கொடுங்கள். பிழை வந்தால் நிராகரியுங்கள்.
- ஸ்கீம் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டின் புரோட்டோகால் பண்பு முக்காற்புள்ளியோடு சேர்த்துத்தான் தரும். அது இல்லாமல் ஒப்பிட்டால் எல்லாமே நிராகரிக்கப்படும்.
- பயனர்பெயர், கடவுச்சொல் பகுதிகள் காலியாக இல்லையென்றால் நிராகரியுங்கள்.
- ஹோஸ்டில் (முகவரியில் தளத்தின் பெயர் உள்ள பகுதி) ஒரு புள்ளியாவது இருக்க வேண்டும்.
- பாகுபடுத்தி திருப்பித்தரும் முழு முகவரியைச் சேமியுங்கள். பயனர் தட்டியதை அல்ல.

இரண்டாவது படி விநோதமாகத் தோன்றலாம். ஆனால் மக்கள் முகவரியை எப்படித் தட்டுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலோர் "கடை.எக்சாம்பிள்" என்று ஸ்கீம் இல்லாமல்தான் எழுதுவார்கள். அதை அப்படியே எச்ரெஃப்பில் விட்டால் பிரவுசர் உங்கள் தளத்துக்குள் உள்ள ஒரு பக்கமாக நினைத்து, சுயவிவரப் பக்கத்தின் பாதைக்குப் பின் ஒட்டி, 404-க்குக் கொண்டுபோகும். "கடை.எக்சாம்பிள்:8080" என்றால் இன்னும் மோசம். ஸ்கீமில் புள்ளி வரலாம் என்பதால், பாகுபடுத்தி "கடை.எக்சாம்பிள்" என்பதையே ஸ்கீமாக எடுத்துக்கொள்ளும்!

ஒட்டிய பிறகு கெட்டவை என்னவாகின்றன? "ஜாவாஸ்கிரிப்ட்:அலர்ட்(1)" முன்னால் எச்டிடிபிஎஸ்:// ஒட்டினால், "ஜாவாஸ்கிரிப்ட்" ஹோஸ்டாகவும் "அலர்ட்(1)" போர்ட் எண்ணாகவும் படிக்கப்படும். போர்ட் எண் இலக்கமாக இல்லாததால் பாகுபடுத்தி பிழை எறியும். "ஜாவாஸ்கிரிப்ட்:1" என்று தட்டினால் போர்ட் சரியாகிவிடும், ஆனால் ஹோஸ்டில் புள்ளி இல்லாததால் விழும். யாராவது மின்னஞ்சலை மெயில்டுவோடு தட்டினால் @ குறிக்கு முன்னால் உள்ளது பயனர்பெயர், கடவுச்சொல்லாகி, ஐந்தாவது படியில் நிற்கும். ஏழு படிகளில் ஒன்றைக்கூட அலங்காரத்துக்கு வைக்கவில்லை.

சர்வரில் சோதிக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சர்வர் மொழியின் பாகுபடுத்தியும் பிரவுசரின் பாகுபடுத்தியும் ஒரே மாதிரி படிப்பதில்லை. இந்த முகவரியைப் பாருங்கள்:

எச்டிடிபிஎஸ்://அயலான்.எக்சாம்பிள்\@நம்தளம்.எக்சாம்பிள்

பைத்தானின் யூஆர்எல்ஸ்பிளிட், ஹோஸ்ட் "நம்தளம்.எக்சாம்பிள்" என்று சொல்லும். பிரவுசருக்கோ பின்சாய்கோடும் சாய்கோடும் ஒன்று, "அயலான்.எக்சாம்பிள்" என்பதோடு ஹோஸ்ட் முடிந்துவிட்டது. ஒரே வரி, இரண்டு வாசிப்பு. அந்த இடைவெளிக்குள் திருடன் நுழைவான். முகவரியில் பின்சாய்கோடு, கட்டுப்பாட்டுக் குறி, வெற்றிடம் ஏதேனும் இருந்தால் சர்வரில் நேரடியாக நிராகரித்துவிடுங்கள். நேர்மையான முகவரிக்கு அவை தேவைப்படுவதில்லை.

நீளத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், தமிழ்த் தளம் கட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும் தொல்லை. ஜாங்கோ மாடலின் யூஆர்எல்ஃபீல்டுக்கு இயல்பான உச்சவரம்பு 200 குறிகள். தமிழ் எழுத்து ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் % சேர்த்து 3 குறி. ஆக ஒரு குறிக்கு 9. "தமிழ்நாடு" பார்வைக்கு ஐந்தெழுத்து, யூனிகோடில் 9 குறிகள், முகவரியில் 81. தமிழ் விக்கிப்பீடியாவில் அந்தக் கட்டுரையின் முழு முகவரி 111 குறிகளாகிறது. தலைப்பு இன்னும் இரண்டு சொல் நீண்டால் 200 போதாது. பயனருக்குப் பிழை போகும், ஏன் என்று அவருக்குப் புரியாது. தொடக்கத்திலேயே 2000 என்று வைத்துவிடுங்கள். அதேபோல, ஹோஸ்டில் ஆங்கில எழுத்து மட்டும் வரலாம் என்று எழுதிய பழைய ரெகுலர் எக்ஸ்பிரஷன்கள், .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று முடியும் உண்மையான முகவரிகளைத் தள்ளிவிடும். அவற்றை நீக்குங்கள்.

6. முகவரியைத் துண்டு துண்டாகக் கட்டும்போது

முழு முகவரியைப் பயனர் தருவது ஒரு வகை. தேடல் சொல், ஊர்ப்பெயர், கோப்புப்பெயர் போன்ற துண்டை வாங்கி நீங்கள் முகவரி கட்டுவது இன்னொரு வகை. இங்கே ஸ்கீம் உங்களுடையது, ஆகவே அந்தப் பயம் இல்லை. துண்டு தன் எல்லையைத் தாண்டுவதுதான் சிக்கல்.

தேடல் பெட்டியில் "மீன் & நண்டு" என்று ஒருவர் தட்டுகிறார். அதை அப்படியே கேள்விக்குறிக்குப் பின் ஒட்டினால் & குறி அடுத்த மதிப்பின் தொடக்கமாகிவிடும்; சர்வருக்கு மீன் மட்டும் போய்ச்சேரும், நண்டு தொலைந்துவிடும். "வார்டு #5" என்று தட்டினால் # முதல் உள்ள எதுவும் சர்வருக்கே போகாது. "சி++" என்பதில் உள்ள இரண்டு கூட்டல் குறிகளும் சர்வரில் வெற்றிடமாகப் படிக்கப்படும்.

இத்தகைய குறிகளை % வடிவுக்கு மாற்ற, அதாவது என்கோட் செய்ய, ஜாவாஸ்கிரிப்டில் என்கோட்யூஆர்ஐகம்போனன்ட் இருக்கிறது. பெயர் குட்டையான என்கோட்யூஆர்ஐ என்பதை எடுத்துவிடாதீர்கள். அது முழு முகவரிக்கானது; &, #, ?, =, + ஆகியவற்றைத் தொடாது, அதாவது மேலே சொன்ன மூன்று பிழையும் அப்படியே நடக்கும். இரண்டையும் விட வசதியானது யூஆர்எல்சர்ச்பேராம்ஸ். பெயரையும் மதிப்பையும் கொடுத்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். ஜாங்கோ டெம்ப்ளேட்டில் யூஆர்எல்என்கோட் ஃபில்டர் உண்டு. அது சாய்கோட்டை இயல்பாக விட்டுவிடும் என்பதால், மதிப்புக்குப் பயன்படுத்தும்போது காலி மேற்கோளை அதற்குக் கொடுங்கள். 5.1 பதிப்பு முதல் குவெரிஸ்டிரிங் என்ற டேக்கும் வந்திருக்கிறது. பக்க எண்ணை மட்டும் மாற்றி மீதியை அப்படியே வைக்க அதுதான் நல்லது.

இரட்டை என்கோட் பிழையை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. "100% பருத்தி" என்று எடுத்துக்கொள்வோம். சரியாக என்கோட் செய்தால் 100 அப்படியே நிற்கும், % குறி %25 ஆகும், வெற்றிடம் %20 ஆகும், பருத்தியின் 7 யூனிகோட் குறிகள் 63 ஆகும். மொத்தம் 72 குறிகள். இதையே இன்னொரு முறை என்கோட் செய்தால் %25 என்பது %2525 ஆகிறது, %20 என்பது %2520 ஆகிறது. திரையில் %20 என்று எழுத்தாகவே தெரிந்தால், எங்கோ இரண்டு முறை என்கோட் ஆகியிருக்கிறது. என்கோடே செய்யாமல் விட்டாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். தனி % குறியைப் பிரிக்க முயலும்போது ஜாவாஸ்கிரிப்ட் யூஆர்ஐஎரர் எறிந்து பக்கமே நின்றுவிடும். துண்டை முகவரியில் சேர்க்கும் அந்த ஓர் இடத்தில், ஒரே முறை என்கோட் செய்யுங்கள். சேமிக்கும்போது வேண்டாம்.

பாதைத் துண்டுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. பயனர்பெயர் ".." என்று இருந்தால் என்கோட்யூஆர்ஐகம்போனன்ட் புள்ளியை மாற்றாது, பிரவுசர் அதை ஒரு படி மேலே போ என்று படிக்கும். புள்ளியை நீங்களே % வடிவில் மாற்றினாலும் அப்படியேதான் படிக்கும். பாதையில் வரும் பெயர் "." அல்லது ".." மட்டுமாக இருந்தால் நிராகரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

என்கோட் முடிந்த முகவரியை டெம்ப்ளேட்டில் வைத்ததும் பக்க மூலத்தில் & குறிக்குப் பின்னால் "ஏஎம்பி;" என்று தெரியும். அது பிழை அல்ல. எஸ்கேப் செய்த அடையாளம், பிரவுசர் சரியாகவே படித்துக்கொள்ளும். அதைப் பார்த்துப் பதறி "சேஃப்" ஃபில்டரைப் போட்டு எஸ்கேப்பை அணைத்தவர்கள் நிறையப் பேர். போடாதீர்கள்.

7. லாகினுக்குப் பின் திருப்பியனுப்பும் முகவரி

லாகின் பக்கத்தில் "நெக்ஸ்ட்" என்ற மதிப்பு வரும்; லாகின் முடிந்ததும் அங்கே அனுப்புவீர்கள். சோதிக்காமல் அனுப்பினால், உங்கள் தளத்தின் பெயரில் தொடங்கும் ஓர் இணைப்பு பயனரைப் போலித் தளத்தில் கொண்டுபோய் விடும். உங்கள் பெயரைப் பார்த்துத்தான் அவர் நம்பிக் கிளிக் செய்தார்.

சாய்கோட்டில் தொடங்கினால் நம் தளம்தான் என்று நினைப்பது முதல் தவறு. "//அயலான்.எக்சாம்பிள்" என்பதும் "/\அயலான்.எக்சாம்பிள்" என்பதும் வேறு தளத்துக்குத்தான் போகும். "எச்டிடிபிஎஸ்://நம்தளம்.எக்சாம்பிள்" என்று தொடங்குகிறதா என்று மட்டும் பார்ப்பது இரண்டாவது தவறு, அதற்குப் பின் ஒரு புள்ளி வைத்து அயலான் தன் டொமைனை எழுதிவிடுவான். ஜாவாஸ்கிரிப்டில், உங்கள் தள முகவரியை அடிப்படையாகக் கொடுத்துப் பாகுபடுத்தி, கிடைக்கும் ஆரிஜின் (ஸ்கீம், ஹோஸ்ட், போர்ட் சேர்ந்தது) உங்களுடையதோடு முழுதாகச் சமமா என்று பாருங்கள். ஜாங்கோவில் யூஆர்எல்_ஹேஸ்_அலவ்ட்_ஹோஸ்ட்_அண்ட்_ஸ்கீம் என்ற ஃபங்ஷன் இதற்கென்றே இருக்கிறது. போகக்கூடிய பக்கங்கள் நான்கைந்துதான் என்றால் முகவரியே அனுப்ப வேண்டாம்; "வண்டி", "கணக்கு" என்று ஒரு குறிச்சொல்லை அனுப்பி, சர்வரில் அதற்கான முகவரியை எடுங்கள்.

8. புதுத் தாவலில் திறக்கும் இணைப்பு

டார்கெட் பிளாங்க் போட்டால் ரெல் நோஓப்பனரும் (திறக்கும் பக்கம் உங்கள் தாவலைத் தொடாமல் தடுப்பது) போடுங்கள். சஃபாரி 12.1, ஃபயர்ஃபாக்ஸ் 79, குரோம் 88 முதல் பிரவுசர்களே அதை இயல்பாக எடுத்துக்கொள்கின்றன. பழைய போன்களுக்காக எழுதிவைப்பதில் நஷ்டமில்லை. விண்டோ ஓப்பனுக்கு அந்த இயல்பு கிடையாது என்பதால் அங்கே கட்டாயம் எழுத வேண்டும்.

9. ஐஃபிரேம், படம், ஸ்டைல்

ஐஃபிரேமின் எஸ்ஆர்சிக்குப் பயனர் தந்த முகவரியை விடவே விடாதீர்கள். வீடியோவை உட்பொதிக்க வேண்டுமென்றால் அவர் தந்த முகவரியிலிருந்து வீடியோ அடையாளத்தை மட்டும் எடுத்து, அதில் எழுத்து, எண், இடைக்கோடு, அடிக்கோடு தவிர வேறெதுவும் இல்லை என்று பார்த்து, முகவரியை நீங்களே கட்டுங்கள். சாண்ட்பாக்ஸ் (ஐஃபிரேமின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் பண்பு) போடுகிறவர்கள் கவனியுங்கள்: உங்கள் தளத்தின் பக்கத்தையே உள்ளே காட்டும்போது அலவ்-ஸ்கிரிப்ட்ஸ், அலவ்-சேம்-ஆரிஜின் இரண்டையும் சேர்த்துப் போட்டால், உள்ளிருக்கும் பக்கம் அந்த சாண்ட்பாக்ஸையே கழற்றிவிட முடியும்.

படத்தின் எஸ்ஆர்சியில் "ஜாவாஸ்கிரிப்ட்:" ஓடாது. ஆனால் வெளிச் சர்வரில் உள்ள படம் என்றால், பக்கத்தைப் பார்க்கும் ஒவ்வொருவரின் ஐபி முகவரியும் அந்தச் சர்வருக்குப் போகும். படங்களை உங்கள் சேமிப்பிலேயே பதிவேற்றச் சொல்வதுதான் நல்லது. ஸ்டைலுக்குள் பின்னணிப் படமாகப் பயனரின் முகவரியை வைக்காமல், ஐஎம்ஜி டேக்காக மாற்றுங்கள். ஸ்டைலின் இலக்கணம் வேறு. என்கோட்யூஆர்ஐகம்போனன்ட் ஒற்றை மேற்கோளையும் அடைப்புக்குறிகளையும் விட்டுவிடும், அங்கே அவைதான் எல்லையை உடைக்கும் குறிகள்.

10. ஏற்கெனவே உள்ளே இருப்பவை

புதுச் சோதனை இன்றிலிருந்துதான் காக்கும். நேற்றுவரை வந்தவை டேட்டாபேஸில் அப்படியே இருக்கின்றன. முதலில் எழுதாமல் படித்து மட்டும் பாருங்கள்: எல்லா வரிசைகளையும் 5-ஆம் படியின் ஃபங்ஷனுக்குக் கொடுத்து, எது விழுகிறது என்று ஒரு சிஎஸ்வி கோப்பு எடுங்கள். விழுபவை பெரும்பாலும் தாக்குதலாக இருக்காது. முக்காற்புள்ளி விட்டுப்போன "எச்டிடிபி//", நடுவே வெற்றிடம், ஒரே கட்டத்தில் இரண்டு முகவரி, வெறும் மின்னஞ்சல், "இல்லை" என்ற பதில் இவைதான் வரும். அழிக்காதீர்கள். பழைய மதிப்பை விட்டுவிட்டு, சுத்தமான முகவரிக்குப் புது நெடுவரிசை சேருங்கள். புது நெடுவரிசை காலியாக இருந்தால் டெம்ப்ளேட்டில் பழைய மதிப்பை இணைப்பாக இல்லாமல் வெறும் உரையாகக் காட்டுங்கள். யாருடைய தகவலும் போகாது, யாரும் எதையும் கிளிக் செய்யவும் முடியாது.

காட்டும் இடத்திலும் ஃபங்ஷனை இன்னொரு முறை ஓட்டுங்கள். இறக்குமதி ஸ்கிரிப்ட் எழுதும் அடுத்த ஆள் இந்த வழிகாட்டியைப் படித்திருக்க மாட்டார்.

11. சிஎஸ்பி என்ற இரண்டாவது வேலி

ஸ்கிரிப்ட்-எஸ்ஆர்சி விதியில் அன்சேஃப்-இன்லைன் இல்லையென்றால் பிரவுசரே "ஜாவாஸ்கிரிப்ட்:" முகவரியை ஓட விடாது. கூடவே பேஸ்-யூஆர்ஐ, ஃபார்ம்-ஆக்‌ஷன் இரண்டையும் தனியாக எழுதுங்கள். டிஃபால்ட்-எஸ்ஆர்சி எழுதினால் எல்லாம் அடங்கும் என்று நினைப்பார்கள். இந்த இரண்டும் அதில் அடங்காது.

நேரடியாகப் போட்டால் பக்கங்கள் உடையும். முதலில் தடுக்காமல் புகார் மட்டும் அனுப்பும் ரிப்போர்ட்-ஒன்லி தலைப்பாக இரண்டு வாரம் ஓட்டுங்கள். மாதக் கடைசியில் மட்டும் பயன்படும் அறிக்கைப் பக்கங்கள் உங்கள் தளத்தில் இருந்தால் ஒரு மாதம் ஓட்டுங்கள். வரும் புகார்களில் கணிசமானவை பயனர்களின் பிரவுசர் நீட்டிப்புகளிலிருந்து வரும். அவற்றைத் தள்ளிவிட்டு உங்கள் கோடைச் சேர்ந்ததை மட்டும் திருத்துங்கள்.

12. சோதிக்க வேண்டிய மதிப்புகள்

இவற்றை ஒரு டெஸ்ட் கோப்பில் எழுதி, கோட் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் ஓடும்படி வையுங்கள்:

- "ஜாவாஸ்கிரிப்ட்:அலர்ட்(1)": நேராக, எழுத்து கலந்து, நடுவே டேப் வைத்து, முன்னால் வெற்றிடம் வைத்து என நான்கு வடிவில்
- "ஜாவாஸ்கிரிப்ட்:1"
- "டேட்டா:" என்று தொடங்கும் ஒன்று
- "//அயலான்.எக்சாம்பிள்", "/\அயலான்.எக்சாம்பிள்" (திருப்பியனுப்பும் சோதனைக்கு)
- @ குறிக்கு முன் பின்சாய்கோடு உள்ள முகவரி
- "கடை.எக்சாம்பிள்", "கடை.எக்சாம்பிள்:8080" (இரண்டும் ஏற்கப்பட வேண்டும்)
- .இந்தியா என்று முடியும் ஒரு முகவரி (ஏற்கப்பட வேண்டும்)
- 300 குறிக்கு மேல் நீளும் தமிழ்ப் பாதை (ஏற்கப்பட வேண்டும்)
- தேடலில் "மீன் & நண்டு", "வார்டு #5", "சி++", "100% பருத்தி" (தட்டியது அப்படியே திரும்பத் தெரிய வேண்டும்)

ஈஎஸ்லின்ட்டின் ரியாக்ட் செருகுநிரலில் ஸ்கிரிப்ட் முகவரியைப் பிடிக்கும் விதி உண்டு, இயக்கிவையுங்கள். ஆனால் அது கோடில் நேராக எழுதியதைத்தான் பிடிக்கும், மாறியில் வருவதை அல்ல. தள்ளப்பட வேண்டியவை தள்ளப்படுகிறதா என்று பார்ப்பதோடு, ஏற்கப்பட வேண்டியவை ஏற்கப்படுகிறதா என்றும் அதே கோப்பில் பாருங்கள். நல்ல முகவரியைத் தள்ளும் சோதனையை அவசரத்தில் யாராவது முழுதாக அணைத்துவிடுவார்கள்.